கல்லீரலுக்குள் ஒரு தேரோட்டம்

நண்பர்களே, வணக்கம். ‘கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம்’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீடு திரும்பியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். படிவது என்றதும் எண்ணெய்ச் சட்டியின் அடிக்கசடுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், கல்லீரல் செல்லுக்குள் கொழுப்பு ஓயாமல் பயணம் போகிறது. அதைக் கூட்டிப்போவது புரதங்கள்.

கொழுப்பு அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் செல்லுக்குள் வந்ததுமே ஒரு புரதம் அதைத் தன் குழிக்குள் வாங்கிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு அமிலங்களைச் சுமக்கும். சரி, உடனே செலவாகாதது டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பாக மாறி, கொழுப்புத் துளிகளாகச் சேர்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தத் துளிகளைப் பற்றித்தான்.

துளியை இழுப்பது கைனெசின் என்ற புரதம். நுண்குழல் என்ற பாதையில் கால் மாற்றிக் கால் வைத்து நடக்கும். ஓர் எட்டு வைத்தால் 8 நானோமீட்டர். ஒவ்வோர் எட்டுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. துளியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. தேருக்கு வடம் பிடிப்பதுபோலப் பல கைனெசின்கள் கூடி இழுக்கின்றன.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ரூப் மாலிக் குழுவினர், எலிக் கல்லீரலிலிருந்து இந்தத் துளிகளைப் பிரித்தெடுத்து, கண்ணாடியில் பரப்பிய நுண்குழல்கள் மேல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வயிறாரத் தின்ற எலியின் துளிகள் ஓடின. பட்டினி கிடந்த எலியின் துளிகளில் ஓட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. கைனெசின் கழன்றுவிட்டிருந்தது. 2017-இல் வந்த ஆய்வு இது. இன்சுலின்தான் கைனெசினைத் துளியில் ஏற்றுகிறது என்று 2019-இல் காட்டினார்கள்.

எவ்வளவு அருமையான ஏற்பாடு பாருங்கள்! பட்டினியில் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குள் வந்து குவிகிறது. வந்ததையெல்லாம் அப்படியே வெளியே அனுப்பினால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறிவிடும். அதனால் தேரை நிலையிலேயே நிறுத்திவைக்கிறது கல்லீரல். சாப்பிட்டதும் வடம் பிடிக்க ஆள் வந்துவிடுகிறது.

அப்புறம், துளி போய்ச் சேரும் இடம், செல்லுக்குள்ளேயே சவ்வுகளால் ஆன எண்டோபிளாச வலை. அங்கே எம்டிபி என்ற இன்னொரு புரதம் கொழுப்பை எடுத்து, 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட அபோ-பி என்ற நீண்ட புரதத்தின்மேல் ஏற்றுகிறது. அப்படிக் கட்டிய பொதிதான் ரத்தத்துக்குள் போகிறது. எம்டிபி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் உண்டு. மிக அரிய நோய். கொழுப்பு குடலிலும் கல்லீரலிலும் தேங்கும். வைட்டமின் ஈ-யும் இதே பொதியில்தான் போகவேண்டும் என்பதால், நாளடைவில் கண்ணும் நரம்பும் பழுதாகும். காரணம் எம்டிபி இல்லாததுதான் என்று 1992-இல் தெரிந்தது. சிறு வயதிலேயே கண்டுபிடித்து, உணவில் கொழுப்பைக் குறைத்து, வைட்டமின் ஈ-யை அதிக அளவில் கொடுத்துவந்தால், அந்தக் குழந்தைகளின் நடையையும் பார்வையையும் பெருமளவு காப்பாற்ற முடிகிறது.