வெளி வீதியில் ஒரு போர்க்களம்

(வரலாற்று நடைகளுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்காக மதுரையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், முதல்முறையாக ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு நடக்கப்போகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இங்கே வரும்போது உங்களில் பாதிப் பேர் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, மேல வெளி வீதியைக் கடந்து வந்திருப்பீர்கள். மதுரைக் கோட்டையின் வெளிச்சுவரும் அகழியும் இருந்த இடம் அது. 1764 ஜூன் 26 அன்று ஆங்கிலேயக் கும்பெனிப் படை அந்தக் கோட்டையை முட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் பின்வாங்கியது. அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தில் மேஜர் பிரஸ்டன் என்ற அதிகாரி இறந்துபோனார். உள்ளே நின்று சண்டையை நடத்தியவர், அன்றைக்கு மதுரையைத் தன் கையில் வைத்திருந்த, ஊர் கான் சாகிப் என்று கூப்பிடுகிற யூசுப் கான். நாம் தினமும் பஸ் பிடிக்கிற இடத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே போய் நின்றால் கண்ணில் படுவது ஆட்டோவும் செல்போன் கடையும்தான்.

இதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் காட்டுவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. அவை தாமே பேசும். காட்ட எதுவுமே மிச்சமில்லாத இடத்தில் இருபது முப்பது பேரை நிறுத்தி, அங்கே நடந்ததை அவர்கள் கண்முன் கொண்டுவருவதுதான் கஷ்டம். போர்க்களம் என்றாலே அப்படிப்பட்ட இடம். சங்கப் பாட்டுக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். வெண்ணிப் பறந்தலை, வாகைப் பறந்தலை, நம் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூடற் பறந்தலை என்றெல்லாம் பாடினார்கள். பறந்தலை என்ற சொல்லுக்குப் போர்க்களம் என்றும் பொருள், பாழிடம் என்றும் பொருள். சண்டை முடிந்த மறுநாளே அந்த இடம் வெறும் பொட்டல்.

சரி, கோட்டைக்கு வருவோம். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு கட்டியது என்பார்கள். ஒவ்வொரு கொத்தளத்துக்கும் ஒரு பாளையக்காரர் காவல் பொறுப்பு. அவ்வளவு பெரிய சுவர் எங்கே போயிற்று? 1840 வாக்கில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் விரிவடைய வேண்டும் என்று அதை இடிக்க வைத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த நிலமே கிடைத்தது. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு நன்றியாக மக்கள் நட்ட விளக்கு, ஜவுளி எடுக்கப் போகும்போது நாம் அடையாளம் சொல்கிற விளக்குத்தூண். ஆக, கோட்டை இருந்ததற்கான சாட்சி தெருப் பெயர்களில் இருக்கிறது. கல்லாக மிஞ்சியது பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மேலவாசல் கொத்தளத்துத் துண்டு ஒன்றுதான்.

என் நடை எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில்தான் கல் கண்ணுக்குத் தெரியும், எட்டு மணிக்கு மேல் கூட்டம்தான் தெரியும். போனதும் நான் ஆண்டுக்கணக்கு எதுவும் சொல்வதில்லை. சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். அப்புறம் வெளி வீதியோடு ஒரு சுற்று. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அந்தச் சுற்று முடியும்போது ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே காலுக்குப் புரிந்துவிடும்: இவ்வளவு நீளமான சுவரைச் சுற்றிவளைக்க எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாள் சோறு வேண்டும் என்று. படத்தில் கோட்டை உள்ளங்கை அளவுதான். கால் வலித்தால்தான் அதன் அளவு தெரியும்.

முற்றுகையின் கதையையும் இந்த அளவை வைத்தே சொல்லலாம். 1763இல் கர்னல் மான்சன் தலைமையில் வந்த படை ஏன் தோற்றது? பலரும் வீரம், துரோகம் என்று ஆரம்பிப்பார்கள். முதலில் மழையைச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கே தெரியும். பதுங்குகுழியில் தண்ணீர், பீரங்கி நகராது, ஆட்களுக்குக் காய்ச்சல். படை திரும்பிப் போயிற்று. அடுத்த வருடம் மேஜர் கேம்பெல் வந்து சுவரேறப் பார்த்ததும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு சண்டையை விட்டுவிட்டு, உள்ளே ஒரு மூட்டை அரிசி போகாமல் வழியை அடைத்தார்கள். கோட்டைக்குள் பசி வந்தது. பசி வந்ததும் பிளவு வந்தது. கூட இருந்த திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரன் மர்ச்சாண்டும் சேர்ந்து அக்டோபர் 13 அன்று கான் சாகிப்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். 15ஆம் தேதி தூக்கு.

இந்த வரிசையில் சொன்னால் துரோகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பசியை விட்டுவிட்டுத் துரோகத்தை மட்டும் சொன்னால் அது வெறும் நாடகம்.

நடை முடிகிற இடம் சம்மட்டிபுரம். அங்கே கான் சாகிப்பின் அடக்கத்தலம் பள்ளிவாசலாக இருக்கிறது. செருப்பை வெளியே விட்டு, தலையை மூடி, சத்தம் போடாமல் உள்ளே போவோம். அங்கே வைத்துத்தான் ஊர்க்கதையைச் சொல்வேன். தூக்குக் கயிறு இரண்டு தடவை அறுந்தது என்பார்கள். பிணம் எழுந்து வந்துவிடும் என்று பயந்து, உடலை வெட்டித் தலையை ஒரு ஊருக்கும் கை கால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்பார்கள். எந்த உறுப்பு எந்த ஊருக்கு என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு மனிதனைச் செத்த பிறகும் கண்டு நடுங்கினார்கள் என்று ஊர் இருநூற்று அறுபது வருடமாக நினைவில் வைத்திருப்பதே ஒரு வரலாறு. ஆனால் சொல்லும்போது “ஊரில் சொல்வது” என்று பிரித்துச் சொல்லுங்கள். தேதியைச் சொல்கிற அதே குரலில் கயிறு அறுந்ததையும் சொன்னால், கேட்கிறவர் இரண்டையும் ஒரே தராசில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய தப்பு அதுதான்.

வெளிநாடுகளில் இதைத் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைச் சுற்றிக்காட்ட உரிமம் பெற்ற வழிகாட்டிகள் 1915 முதல் இருக்கிறார்கள். வாட்டர்லூவில் நினைவுச் சின்னமாக ஒரு பெரிய மண்மேடு எழுப்பி உச்சியில் சிங்கத்தை வைத்தார்கள். மேட்டுக்கு மண் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சண்டை நடந்த அதே களத்திலிருந்து. எந்தச் சரிவில் எந்தப் படை நின்றது என்று காட்ட வேண்டிய அந்தப் பக்கத்துச் சரிவே மாறிப்போயிற்று. நாம் இடித்துத் தொலைத்தோம், அவர்கள் நினைவு வைக்கப் போய்த் தொலைத்தார்கள்.

அடுத்து, கொஞ்சம் தள்ளி ஒரு பாதை. காலையில் ஒத்தக்கடை வழியாகத் திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயில், அப்புறம் வேனில் நத்தம் கணவாய். 1755இல் கர்னல் ஹெரான் என்பவனின் படை கோவில்குடிக் கோயிலைக் கொள்ளையிட்டது. கோவில்குடி என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தது திருமோகூரைத்தான் என்பது ஆராய்ந்தவர்கள் முடிவு. சாமி சிலைகளை எடுத்துக்கொண்டு, 5000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று பேரம் பேசினான். ஊர் கொடுக்கவில்லை. சிலைகளை மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினான். மே மாதக் கடைசியில் நத்தம் கணவாயில் கள்ளர் சமூகத்தார் அந்தப் படையை மறித்து அடித்துச் சாமியை மீட்டார்கள். சண்டைக்கு நடுவே “சாமி! சாமி!” என்று அவர்கள் கத்தியதை அந்தக் காலத்து ஆங்கிலேய வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். ஹெரான் பிறகு விசாரணைக்கு உள்ளாகி வேலையை இழந்தான். இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெரானின் படையில் சிப்பாய்களுக்குத் தளபதியாக அன்றைக்கு வந்தவர் இதே யூசுப் கான்தான். சம்மட்டிபுரத்தில் கண் கலங்கியவர்கள் நத்தத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். தடுமாறட்டும்.

இந்த நடைக்குப் பல சாதி, பல மதத்து ஆட்கள் வருவார்கள். அதனால் “நம்ம ஆளுங்க”, “அவங்க ஆளுங்க” என்ற சொல் வழிகாட்டி வாயில் வரவே கூடாது. போர்க்களத்தில் அந்தச் சொல் ஒன்று போதும், இருபத்தைந்து பேர் கொண்ட குழு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இப்போது கீழக்குயில்குடி. அந்த ஊரை ஒட்டியிருக்கும் சமணர் மலைக்குப் போகாத மதுரைக்காரர் குறைந்துகொண்டு வருகிறார்கள், சந்தோஷம். அதற்குப் பசுமை நடை போன்ற குழுக்கள் 2010 முதல் மாதாமாதம் ஆட்களை மலைமலையாகக் கூட்டிப்போனது பெரிய காரணம். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனையை ஊர் எதிர்த்து நின்ற வருடம் அது. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கும், அந்த மலையை நேரில் போய்ப் பார்த்து நேசித்தவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நின்றது பலம் சேர்த்தது என்று நான் நம்புகிறேன்.

சமணர் மலையில் செட்டிப்புடவு என்ற குகைக்குக் காலையிலேயே ஏறுங்கள். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக இருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து இருக்கிறது. உச்சி வெயிலில் அது வெறும் பாறை. வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். அப்போது எழுத்து தானாக எழுந்து வரும். ஒரு தடவை எட்டாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி “சார், இது ‘ஸ்ரீ’யா?” என்று கேட்டாள். வரியின் தொடக்கத்தில் அதுதான் இருந்தது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பதையும் தண்ணீர் ஊற்றுவதையும் யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தால் சூரியன் அந்த வேலையைச் செய்யும்.

மலையிலிருந்து இறங்கினால் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கே உட்கார்ந்துதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்போம். சாப்பிட்டு முடித்ததும் நான் சொல்வது இதுதான்: ரேகைச் சட்டம் என்று நம் பக்கத்தில் சொல்கிற குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்தில் 1914இல் முதலில் கொண்டுவந்தது இந்தக் கீழக்குயில்குடியில். இங்கிருந்த ஆண்கள் ராத்திரியில் சொந்த வீட்டில் படுக்க முடியாமல், போலீஸ் சொன்ன இடத்தில் கைரேகை வைத்துவிட்டுப் படுக்க வேண்டியிருந்தது. இதற்குக் காட்ட ஒரு சிற்பமும் கிடையாது. அதே மரம், அதே குளம். ஆயிரம் வருடத்துச் சிற்பத்தைப் பார்த்த கண்ணோடேயே கேட்டுக்கொண்டிருப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள்.

அங்கிருந்து உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூருக்கு வேன் போகும். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த ஊரைப் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர். நினைவுத்தூண் இருக்கிறது, வருடந்தோறும் அந்தத் தேதியில் ஊர் கூடுகிறது. முதல் தடவை நான் அங்கே போனபோது மேடைப் பேச்சுப் பேசினேன். குரலை உயர்த்தி, பெயர்களை வேகமாக அடுக்கிக்கொண்டே போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, “அய்யா, ஒவ்வொரு பேரா நிறுத்திச் சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து அந்த ஊரில் நான் பேசுவதில்லை. பெயர்களை வாசிப்பேன், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே மூச்சு விடுவேன், அவ்வளவுதான்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். குழு முப்பதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பின்னால் நிற்பவருக்குக் காது கேட்காது. கடைசி ஆளாக நடக்க ஒருவரை முதலிலேயே நியமியுங்கள். முழங்கால் வலிக்காரர்களோடு அவர்தான் வருவார். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கிராமத்துக்குள் போவதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு பயணியாக ஒரே நாளில் ஒன்பது இடம் பார்க்கப் போனேன். ஏழாவது இடத்தில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேலவாசல் கொத்தளத்துக்கு முன்னால் நிற்பேன். இந்தத் தடவை பேசப்போவது நீங்கள்தான். ஆளுக்கு ஒரு வீதி. தெற்கு மாரட் வீதியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று இறங்கிப் போவதற்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்.