சால மரத்தை நம்பி ஒரு காளான்

அவையோர்க்கும், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

காளான் என்றால் நம் ஊர்ப்பக்கம் புற்றுக்காளான்தான் முதலில் நினைவுக்கு வரும். அதை வளர்ப்பது கறையான். நான் பேச வந்திருப்பது மரத்தை நம்பி வாழும் வேறொரு காளானைப் பற்றி. ஜார்க்கண்டில் அதை ருக்டா என்கிறார்கள், சத்தீஸ்கரின் பஸ்தரில் போடா. அஸ்ட்ரேயஸ் என்பது அறிவியல் பெயர்.

பருவமழை தொடங்கியதும் பழங்குடிப் பெண்கள் சால மரக் காட்டுக்குள் போய், குச்சியால் மேல்மண்ணைக் கிளறி அதை எடுக்கிறார்கள். குடையும் இல்லை, காம்பும் இல்லை. கோலிக்குண்டு போன்ற சிறு உருண்டை. உள்ளே வெள்ளையாக இருக்கும்வரைதான் சமைக்கலாம். முற்றினால் உள்ளிருப்பது கருத்துப் பொடியாகிவிடும். வெளித்தோல் நட்சத்திர வடிவில் பிளந்து, ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் மூடிக்கொள்ளும். மழைக்கால நோன்பு மாதமான சாவனில் இறைச்சியை விலக்கும் ராஞ்சிக் குடும்பங்கள் இதைத்தான் மசாலா சேர்த்துக் குழம்பு வைக்கின்றன. பருவத் தொடக்கத்தில் ஆட்டிறைச்சியை விடவும் விலை ஏறிவிடுவதுண்டு.

அப்படியானால் சிப்பிக்காளானைப் போல வைக்கோல் படுக்கையில் இதையும் வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சிப்பிக்காளான் செத்த வைக்கோலைத் தின்று வளர்வது. ருக்டாவுக்கு உயிருள்ள மரம் வேண்டும். மரத்தின் நுனிவேர்களைப் பூஞ்சை உறைபோட்டு மூடுகிறது. அங்கிருந்து வேர்த்தூவியை விட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் அனுப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தான பாஸ்பரஸையும் தழைச்சத்தான நைட்ரஜனையும் நீரையும் கொண்டுவந்து தருகிறது. இலைகள் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அதற்குக் கொடுக்கிறது. இந்தக் கூட்டுவாழ்வுக்கு 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் மைக்கோரைசா என்று பெயரிட்டார். மரத்தை வெட்டினால் காளானும் போயிற்று.

இப்போது இந்த மலையைப் பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. காபி வேரிலும் பூஞ்சை உண்டு. ஆனால் அது வேரின் செல்களுக்குள் புகுந்து வாழும் வேறு வகை, காளானாக வெளியே தலைகாட்டாது. சில்வர் ஓக்கோ கொத்துக் கொத்தான சிறுவேர்களைக் கொண்டு தானே மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ருக்டா போன்ற காளானுக்குத் துணை ஆகா. பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று நாம் நம்பிவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை. சால மரத்தின் நெருங்கிய உறவான குங்கிலிய மரம் ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிகளில் இருக்கிறது. அதன் அடிமண்ணில் இப்படிப்பட்ட காளான் இருக்கிறதா என்று யாராவது பொறுமையாக ஆராய வேண்டும் என்பது என் ஆசை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஏன் செய்யக் கூடாது?

கோடையில் சருகுக்குத் தீ வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடக்குத் தாய்லாந்திலும் இதே காளானைத் தேடுகிறார்கள். எரித்தால் நிறைய முளைக்கும் என்ற நம்பிக்கையில் காட்டுக்குத் தீ வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. தரையைச் சுத்தமாக்கினால் காளான் கண்ணில் படுவது எளிதாகும், அவ்வளவுதான். மேல்மண்ணின் ஈரமும் பூஞ்சை இழைகளும் அந்தத் தீயில் போய்விடும்.

மரத்தோடு வாழ்வதாலேயே ஒரு காளான் நல்லதாகிவிடாது. அமானிட்டா என்னும் காளான் பேரினமும் பெரும்பாலும் மரவேரோடுதான் வாழ்கிறது. கல்லீரலை அழிக்கும் காளான்கள் அதில் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளிக்காசு கருக்கிறதா, மஞ்சள்தூள் நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதையும் நம்பாதீர்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். ஓரிரு நாளில் தெளிந்ததுபோலத் தோன்றும். கல்லீரல் கெடுவது அந்த நேரத்தில்தான். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சமைத்ததிலோ சமைக்காததிலோ மிச்சம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.