வேடந்தாங்கலின் யூரியா மூட்டை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொன்னாடைகளுக்கே பாதி மாலை போய்விட்டதால் நேரே வழக்குக்கு வருகிறேன். அருகிவரும் உயிரினங்களைக் காப்பதில் விஞ்சி நிற்பது சட்டமா, மக்களா என்பது தலைப்பு. மக்களே என்று வாதிட வந்திருக்கிறேன். நான் எழுதிவந்த குறிப்பு வேறு. ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி வழக்கறிஞர் ஐயா ஒரே ஒரு வரியைச் சொல்லி, அரங்கின் கூரை அதிரும்படி கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். “வேடந்தாங்கல்காரர்கள் பறவையையா காப்பாற்றினார்கள்? பறவை போடும் எச்சத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் காவல் காத்தது கூட்டை அல்ல, யூரியா மூட்டையை” என்றார். உடனே என் குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்த மூட்டையை அவிழ்க்காமல் கீழே இறங்கினால் என் அணியினரே என்னை ஊருக்கு அழைத்துப்போக மாட்டார்கள்.

ஐயா பாதிக் கதையைச் சொன்னார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 1790களில் செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. லயனெல் பிளேஸ் என்பவர் கலெக்டர். பொழுதுபோகாத வெள்ளைச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து, மரத்தில் கூடுகட்டி அடைகாத்துக்கொண்டிருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் என்ன செய்தார்கள்? கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். இனி எவரும் இங்கே பறவையைச் சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அவையோரே, இந்தக் காட்சியைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். கம்பெனியிடம் துப்பாக்கி இருக்கிறது, குதிரை இருக்கிறது, கோட்டை இருக்கிறது. மறுபக்கம் இடுப்பில் ஒரு வேட்டியும் தோளில் ஒரு துண்டுமாக நான்கைந்து குடியானவர்கள். கலெக்டர் என்ன கேட்டிருப்பார் என்பது ஏட்டில் இல்லை; ஆகவே அந்த இடத்தை நிரப்பும் உரிமையைப் பட்டிமன்றப் பேச்சாளன் என்ற முறையில் நானே எடுத்துக்கொள்கிறேன். “கேவலம், கொக்குக்கும் நாரைக்குமா இத்தனை தூரம் வந்தீர்கள்?” என்று கேட்டிருப்பார். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “துரை அவர்களே, பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்குப் பாய்கிறது. வயலில் நெல் விளைந்தால்தான் உங்கள் கஜானாவுக்கு வரி வரும். உங்கள் சிப்பாய் சுடுவது எங்கள் நாரையை அல்ல, உங்கள் வரியை” என்று சொல்லியிருப்பார். நடுவர் சிரிக்கிறார், தீர்ப்பு எழுதும்போதும் இந்தச் சிரிப்பு நினைவிருக்கட்டும்.

பின்வரிசையில் இப்போதுதான் வந்து அமர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். சுட்டவர்கள் அரசாங்கத்தின் சிப்பாய்கள். தடுத்தவர்கள் ஊரார். சட்டம் அன்று துப்பாக்கியின் பின்னால் நின்றது. அதன் காதைப் பிடித்துத் திருப்பிப் பறவையின் பின்னால் நிறுத்தியவர்கள் மக்கள். அதோடும் ஓயவில்லை. 1858இல் மீண்டும் கலெக்டரிடம் போய் உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். எதிரணி தலையில் தூக்கிவைத்து ஆடுகிற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972இல்; அதற்குள் வேடந்தாங்கலில் பல தலைமுறைக் குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்தாகிவிட்டது.

சரி, எச்சத்துக்காகத்தானே காத்தார்கள் என்கிறீர்கள். ஆம் ஐயா, எச்சத்துக்காகவும்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தன் வயலின் விளைச்சலும் பறவையின் குஞ்சும் ஒரே தண்ணீரை நம்பியிருக்கின்றன என்று பள்ளிக்கூடம் போகாத ஒரு குடியானவர் கண்டுகொண்டார். தன்னலத்தையும் பறவையின் நலத்தையும் ஒரே வரப்புக்குள் கொண்டுவந்தவரைப் பார்த்து யூரியா மூட்டை என்று சிரிப்பவர், கடைக்குப் போய்க் காசு கொடுத்து அதே மூட்டையை வாங்கி, வயலுக்கும் குளத்துக்கும் சேர்த்து நஞ்சூட்டும் நம் காலத்தின் அறிவைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்?

இன்னொன்றும் உண்டு. அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 74 ஏக்கர். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய ஆண்டில் நீர்க்கடம்பு மரங்கள் கிளை தெரியாமல் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் நிறைந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அதே மரங்கள் ஏறக்குறைய வெறுமையாக நிற்கும். சரணாலயப் பலகையைப் படித்துவிட்டா பறவைகள் வருகின்றன? தண்ணீரைப் பார்த்து வருகின்றன. கூடு ஏரியில் இருந்தாலும் இரை சுற்றுவட்டாரத்து வயல்களிலும் குளங்களிலும்தான் இருக்கிறது. நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கு நத்தை தேடுவது எவரோ ஒருவரின் நெல்வயலில். அந்த வயல் மனைப்பிரிவாக மாறினால், ஏரிக்கரையில் எத்தனை காவலரை நிறுத்தினாலும் குஞ்சு பட்டினிதான். இதைச் சட்டமும் அறியாமல் இல்லை. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தது. நான் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கலாம் என்ற முன்மொழிவு எங்கிருந்து வந்தது? எதிரணி எதன் பெயரால் வாதாடுகிறதோ, அதே அரசுத் தரப்பிலிருந்து வந்தது. பறவைக்கு அதில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

வழக்கறிஞர் ஐயா கேட்கலாம்: இலாபமே இல்லாத இடத்தில் உங்கள் மக்கள் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்குத் தீபாவளியன்று போய்ப் பாருங்கள். வெட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு குழந்தையிடம் தீபாவளிக்கு வெடி இல்லை என்று சொல்லி, அதைச் சிரித்த முகத்தோடு ஏற்கவைப்பது எத்தனை பெரிய காரியம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்! உங்கள் தெருவில் அந்த இரண்டு மணி நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. இங்கே காவல்துறை நண்பர்களும் அமர்ந்திருக்கிறார்கள். கொள்ளுக்குடிப்பட்டிக்கோ வனத்துறையினர் இனிப்புப் பெட்டியோடு போய் நன்றி சொல்லிவிட்டு வருகிறார்கள்.

எதிரணியின் வலுவான சான்று பாறு கழுகு. அதை நான் மறைக்கப்போவதில்லை. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் வானத்தை மறைத்துப் பறந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அழிந்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. சட்டம் வென்றது என்று ஐயா அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தார். ஆனால் தடைக்குப் பின்னும் மனிதருக்கான பெரிய மருந்துப்புட்டிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் புட்டியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவைக்கு ஒன்பது ஆண்டு என்பது சின்னக் கணக்கல்ல. அதைவிட முக்கியமானது இது: பாறுகளின் வீழ்ச்சிக்கு, நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பணிந்தாலும் தோற்றுவிடும் சட்டம் இது. பாறுகள் இன்னும் கூடுகட்டும் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், பாறுக்குத் தீங்கு செய்யாத மாற்று வலிநிவாரணியான மெலாக்சிகம் போடுங்கள் என்று மருத்துவரிடம் தானே கேட்க வேண்டும். ஒவ்வொரு தொழுவத்துக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா?

நடுவர் மணியடிக்கக் கை நீட்டுகிறார். ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

பாக் விரிகுடாவில் கடற்பசு இருக்கிறது. ஆவுளியா என்று நம் கடற்கரை மக்கள் அழைக்கும் உயிர் அது. கடற்புல்லை மேய்ந்து, யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்கிறது. பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒற்றைக் கன்றை ஈன்று, ஒரு ஆண்டுக்கும் மேல் பால் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்து வளர்க்கிறது. அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதை வேட்டையாடக்கூடாது என்று 1972இன் சட்டம் சொன்னது. சொன்ன பிறகும் நீண்ட காலம் அதன் இறைச்சி நம் கரையில் விலைபோனது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் நடுக்கடலில் வேலி கட்ட முடியாது.

கடற்பசு மீன் அல்ல. அது மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கிக்கொண்டால் மூழ்கிச் செத்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியவர் ஒரு மீனவர். அவருடைய தந்தையோ பாட்டனோ அதே உயிரை வெட்டி விற்றவராகக்கூட இருக்கலாம். கையில் இருப்பது கடன் வாங்கிப் பின்னிய வலை. அதை அறுத்தால் நாளை அடுப்பு எரியுமா என்பது தெரியாது. அப்படியும் நம் கரையோர மீனவர்கள் வலையை அறுத்துக் கடற்பசுவை மீண்டும் கடலில் விட்டிருக்கிறார்கள், ஒரு முறையல்ல, பல முறை. வனத்துறை அவர்களுக்கு வெகுமதி கொடுத்தது என்று ஐயா குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், கொடுத்தது, மகிழ்ச்சி. ஆனால் ஐயா, வெகுமதி கரைக்கு வந்த பிறகு கிடைத்தது. கத்தி கடலில் எடுக்கப்பட்டது. கன்று தாயைத் தேடுமே என்று அந்த மனிதர் நினைத்தாரோ, தன் வீட்டில் பால்குடிக்கும் பிள்ளையை நினைத்தாரோ, நான் அறியேன்.

அடுத்துப் பேசவரும் எதிரணித் தலைவர் சட்டப் புத்தகத்தோடு வருவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தப் படகில், அந்தச் சில நிமிடங்களில், அந்த மீனவரின் பக்கத்தில் உங்கள் சட்டத்தின் எந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தார்? அதை இந்த அவைக்குச் சொல்லிவிட்டு அவர் தம் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.