ஒரு பவுண்டு தக்காளி வாங்க 128 பவுண்டு பறிக்கணும்! புளோரிடாவின் 50 சென்ட் வாளிக் கணக்கு

அமெரிக்கக் கடையில ஒரு பவுண்டு தக்காளி 2 டாலர்னு வச்சுக்கோங்க. பவுண்டுன்னா அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அந்தத் தக்காளியைப் பறிச்ச தொழிலாளி, அதே கடையில அதே ஒரு பவுண்டை வாங்கணும்னா எவ்வளவு பறிச்சிருக்கணும்? 128 பவுண்டு. 58 கிலோ! பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி புளோரிடாவுல இருந்த கூலிக் கணக்கு இது. எப்படி இந்தக் கணக்கு வருது, அதை யார் எப்படி மாத்தினாங்க, இன்னும் எது மாறலை, எல்லாம் பார்ப்போம்.

[திரையில்: புளோரிடா வரைபடம், தென்மேற்கில் இமோக்கலி]

ஊர் பேரு இமோக்கலி. கோலியர் கவுண்டியில இருக்கு, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அதே கவுண்டியோட கடற்கரையில நேப்பிள்ஸ்னு ஒரு ஊர், பெரும் பணக்காரங்க குளிர்காலத்தைக் கழிக்க வர்ற இடம். குளிர்காலத்துல அமெரிக்க மண்ணுல விளையற தக்காளியில பெரும்பகுதி புளோரிடாவுலருந்துதான் போகுது. பறிக்கிறவங்க மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டியிலருந்து வந்தவங்க.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். 1935-ல வந்த தொழிற்சங்கச் சட்டம், 1938-ல வந்த கூலிச் சட்டம், ரெண்டுமே விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்திடுச்சு. தெற்கு மாநில எம்.பி.க்களோட ஓட்டு அந்தச் சட்டங்களுக்குத் தேவைப்பட்டுச்சு. அவங்க ஊர் வயல்கள்ல அன்னைக்கு உழைச்சவங்க நிறைய பேர் கறுப்பின மக்கள். குறைந்தபட்சக் கூலி 1966 திருத்தத்துலதான் வயலுக்கு வந்துச்சு, அதுவும் பெரிய பண்ணைகளுக்கு மட்டும். மத்தியச் சட்டத்துல ஓவர்டைம் கூலி இன்னைக்கும் விவசாயக் கூலிகளுக்குக் கிடையாது.

சரி, வாளிக்கு வருவோம். இந்த வீடியோவே அந்த வாளிக்காகத்தான்.

[திரையில்: பிளாஸ்டிக் வாளி, 32 பவுண்டு = 14.5 கிலோ]

ஒரு வாளி நிறைஞ்சா 32 பவுண்டு. கூலி 40-லருந்து 50 சென்ட். பல வருஷமா அங்கேயே நின்னுபோன கூலி இது. 50 சென்டுன்னே எடுத்துக்குவோம். 2 டாலருக்கு நாலு வாளி. நாலு தடவை 32, ஆக 128. முதல்ல சொன்ன கணக்கு இதுதான். 100 டாலர் வேணும்னா 200 வாளி, அதாவது 2,900 கிலோ. பத்து மணி நேர வேலைன்னா மூணு நிமிஷத்துக்கு ஒரு வாளி. அந்த மூணு நிமிஷத்துக்குள்ள குனிஞ்சு பறிக்கணும், வாளியைத் தோள்ல தூக்கிட்டு லாரிக்கு ஓடணும், மேல நிக்கிற ஆள் கைக்கு எட்டுற மாதிரி வீசணும். அவர் கொட்டிட்டுக் காலி வாளியோட ஒரு டோக்கன் போடுவார். அந்த டோக்கன்தான் கூலி.

பறிக்கிறதும் கையில அகப்பட்டதைப் பிடுங்கிப் போடுற வேலை இல்லை. காய் பச்சையா இருக்கணும், ஆனா முத்தியிருக்கணும். நறுக்கிப் பார்த்தா விதை கத்தியில வெட்டுப்படாம வழுக்கி விலகும், அந்தப் பருவம். வயல்ல ஒவ்வொண்ணையும் நறுக்கிப் பார்க்க முடியுமா? அளவையும் தோலோட பளபளப்பையும் வச்சுக் கண்ணாலயே முடிவு பண்ணணும். காம்பு இருந்தா பக்கத்துக் காயைக் குத்தும், அதனால காம்பைக் கிள்ளிடணும். இளங்காயைப் பறிச்சா பின்னாடி பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு அறையில வச்சாலும் ஒழுங்கா பழுக்காது. இவ்வளவு கைத்தேர்ச்சி வேணும்கிற வேலையைத்தான் "திறன் தேவையில்லாத வேலை"ன்னு வகைப்படுத்தி வச்சிருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்லை.

இப்போ ஏமாத்துற இடத்துக்கு வாங்க. நம்ம ஊர்ல நெல் அளக்கும்போது தலைதட்டி அளக்கிறதும் கோபுரமா குவிச்சு அளக்கிறதும் வேற வேற, இல்லையா? அங்கே மேஸ்திரிங்க வாளியைக் கோபுரமா கேட்டாங்க. விளிம்பு வரைக்கும் இருந்தா டோக்கன் கிடையாது, குவியல் இருந்தாதான் டோக்கன். ஒரு குவியல் மூணு பவுண்டுன்னு வைங்க. 200 வாளிக்கு 600 பவுண்டு. கிட்டத்தட்ட 19 வாளி சும்மா போச்சு!

அடுத்தது நேரம். விடியறதுக்கு முன்னாடி, நாலு அஞ்சு மணிக்கே ஊர் நடுவுல இருக்கிற வாகன நிறுத்துமிடத்துல போய் நிக்கணும். பழைய ஸ்கூல் பஸ் வந்து ஏத்திட்டுப் போகும். வயலுக்குப் போனா செடியில பனி. ஈரத்தோட தொட்டா நோய் செடிக்குச் செடி பரவும், அதனால காயற வரைக்கும் காத்திருக்கணும். அந்தக் காத்திருப்புக்குக் கூலி இல்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்துச்சே, அது என்ன ஆச்சு? நேரத்தைப் பின்பக்கமா எழுதினாங்க. ஒருத்தர் 100 வாளி பறிச்சார், 50 டாலர். மணிக்கு 10 டாலர் கொடுக்கணும்னா, ஏட்டுல அஞ்சு மணி நேரம்னு போட்டாச்சு. ஆள் வயல்ல ஒன்பது மணி நேரம் இருந்திருப்பார். ஏட்டைப் பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் சரியாவே இருக்கும்.

இதுல 1996-ல, தண்ணி குடிக்க நின்னதுக்காக ஒரு பையனை மேஸ்திரி அடிச்சார். ரத்தம் படிஞ்ச அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நூத்துக்கணக்கான தொழிலாளிங்க அந்த மேஸ்திரி வீட்டுக்கே ஊர்வலமா போனாங்க. 1993-லேயே கூட ஆரம்பிச்ச இமோக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு, ஊர்ல கெட்டிப்பட்டது அதுக்கப்புறம்தான்.

[திரையில்: 1 சென்ட்]

வேலைநிறுத்தம், உண்ணாவிரதம் எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. பண்ணைக்காரங்க அசையலை. அப்புறம்தான் தொழிலாளிங்களுக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு: விலையைப் பண்ணைக்காரர் வைக்கலை, மொத்தமா வாங்குற பெரிய கம்பெனிங்கதான் அடிச்சு இறக்குறாங்க. அதனால 2001-ல டாக்கோ பெல்ங்கிற துரித உணவுக் கம்பெனியோட கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னாங்க. கோரிக்கை, பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல். நாலு வருஷம் ஆச்சு, 2005-ல கம்பெனி ஒத்துக்கிச்சு. 2007-ல மெக்டொனால்ட்ஸ், 2008-ல பர்கர் கிங், 2014-ல வால்மார்ட். 2010 நவம்பர்ல புளோரிடா தக்காளி விவசாயிகளோட சங்கமே கையெழுத்துப் போட்டுச்சு.

ஒரு சென்டுன்னு சாதாரணமா நினைக்காதீங்க. வாளிக்கு 32 சென்ட்! 50 இருந்த இடத்துல 82. ஆனா சேர்ந்த கம்பெனிங்க வாங்குற பவுண்டுக்கு மட்டும்தான் அந்தக் காசு வரும், அதைப் பண்ணையில இருக்கிற எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. அதனால ஒவ்வொரு வாளிக்கும் முழு 32 சென்ட் கிடைக்காது. சம்பளச் சீட்டுல தனி வரியா காட்டணும்.

என் கணிப்புல காசை விடப் பெரிய வெற்றி, அந்த ஒப்பந்தத்துல வந்த மத்த விதிகள்தான். வாளி விளிம்போட நிக்கணும். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கடிகாரத்துல பதிவு, பனி காயற நேரத்துக்கும் கூலி. 24 மணி நேரமும் புகார் எடுக்கிற போன். கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளர், பாலியல் வன்கொடுமை, இதுல எது நடந்தாலும் பண்ணையை விலக்கிடுவாங்க. சேர்ந்த கம்பெனி எதுவும் அங்கே வாங்கக் கூடாது. கொத்தடிமையான்னு கேக்காதீங்க, 2007 நவம்பர்ல இமோக்கலியில ஒரு லாரிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தவங்க கூரையில இருந்த காற்றுத் துவாரத்தை உடைச்சுத் தப்பிச்சாங்க. முதலாளிங்க ரெண்டு பேருக்கு 12 வருஷம் ஜெயில். விற்பனை நின்னுடும்னு தெரிஞ்சா பண்ணைக்காரரே மேஸ்திரியைக் கண்காணிப்பார். அபராதத்தைக் கட்டிட்டுப் போற மாதிரி இதுலருந்து போக முடியாது.

ஆனா சாப்பாடு? இங்கேதான் எனக்கு மனசு ஆறலை. அமெரிக்க வேளாண்மைத் துறை, மளிகைக் கடை எவ்வளவு தூரம்னு அளக்குது: நகரத்துல ஒரு மைல், கிராமத்துல பத்து மைல். அதைத் தாண்டினா கடைக்கு எட்டாத பகுதி. ஒரு டிரெய்லர் வீட்டுல பத்துப் பேர் வரைக்கும் வாடகையைப் பகிர்ந்துக்கிறாங்க, எல்லாருக்கும் ஒரே அடுப்பு. சாயங்காலம் வந்து முறைக்கு நின்னு சமைச்சு, திரும்ப நாலு மணிக்கு எழுந்திரிக்கணும். பக்கத்துலயே கடை இருந்தாலும் கீரையை எப்போ ஆய்ஞ்சு எப்போ சமைக்கிறது? தூரத்தை மட்டும் அளக்கிற வரைபடத்துல இது தெரியவே தெரியாது. குடியேற்ற ஆவணம் இல்லாதவங்களுக்கு ஸ்னாப் உணவு உதவியும் கிடையாது.

தற்காலிக விவசாய வேலைக்குன்னு கொடுக்கிற எச்-2ஏ விசாவுல வர்றவங்களுக்கும் ஸ்னாப் கிடையாது. முதலாளி சமையலறை தரணும், இல்லைன்னா மூணு வேளைச் சாப்பாடு போட்டு, கூலியில பிடிச்சுக்கலாம். 2024-ல அதுக்கு உச்சவரம்பு ஒரு நாளைக்கு சுமார் 16 டாலர். என்ன போட்டாலும் அதே பிடித்தம்தான்.

இதுக்கு நடுவுல, 2024 ஜூலைலருந்து புளோரிடாவுல எந்த உள்ளாட்சி அமைப்பும் தொழிலாளிங்களுக்கு வெயில் பாதுகாப்பு விதி போட முடியாதுன்னு மாநிலச் சட்டம். கூட்டமைப்போட விதி இருக்கிற பண்ணையில வெயில் காலத்துல ரெண்டு மணி நேரத்துக்கு 10 நிமிஷம் நிழல்ல ஓய்வு கட்டாயம். பக்கத்துப் பண்ணையில மேஸ்திரி மனசு வைக்கணும்.

சிங்கப்பூர்லயும் வளைகுடாவுலயும் கேட்டரிங் சாப்பாடு சாப்பிடுற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த சேனலைப் பார்க்கிறீங்க. உங்களுக்குச் சாப்பாட்டுக்கு மாசம் எவ்வளவு பிடிக்கிறாங்க, பொட்டலம் எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, கெட்டுப்போனா யார்கிட்ட சொல்லணும்? கம்பெனி பேர் போடாம கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவை அந்தக் கணக்கை வச்சுத்தான் பண்ணப் போறேன்.