கோடு போட்ட கட்டம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

"அப்பன் பெயர் தெரியாதவன்." நம் தோட்டப்புறத்தில் வெட்டுக்குத்தில் கொண்டுபோய் விடுகிற வசை இது. அந்த வசையைச் சிறுவயதில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் தந்தை. இதை மேடையேறிச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது.

அவர் 1943 கடைசியில், ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். போர் முடிந்த பிறகுதான் பிறப்பைப் பதிந்திருக்கிறார்கள். பத்திரத்தில் தந்தை பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. நீல மை. பதிவெழுதிய கிராணி, அதாவது எழுத்தர், அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறார். கோட்டின் முனையில் மை பொட்டாகத் தேங்கிக் காய்ந்திருக்கிறது. அந்தப் பொட்டை எத்தனை இரவு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்!

இப்படி ஒரு கோட்டைக் கண்டதும் "யார் அந்த ஆள்?" என்று தேடக் கிளம்பிவிடுகிறோம். கோடு ஏன் விழுந்தது என்று முதலில் கேளுங்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் நம் தாத்தா பாட்டிகள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். ஊர் சாட்சி, காகிதம் கிடையாது. மணப்பத்திரம் காட்ட முடியாத எத்தனையோ தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் இதே கோடுதான். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தந்தை பெயரை எழுத வேண்டுமானால் தாயும் அந்த ஆணும் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் 1874ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதே விதி இருந்தது. ஆக, கோட்டைப் பார்த்துப் பாட்டியின் ஒழுக்கத்தை அளக்காதீர்கள்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தத் தேடலில் ஒரு வசதி இருக்கிறது. தகப்பனில்லாப் பிள்ளை பிறந்தால் அதன் சோற்றுச் செலவு ஊர்ப்பங்கின், அதாவது அந்த ஊர்த் தேவாலய வட்டாரத்தின், தலையில் விழும். அதனால் 18ஆம் நூற்றாண்டில் பங்கு அதிகாரிகள் அந்த ஆணைத் துரத்திப் பிடித்துப் பணத்துக்கு உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். கருணை ஒன்றுமில்லை, கஞ்சத்தனம்தான்; ஆனால் அந்தக் காகிதங்களில்தான் இன்று பேரப்பிள்ளைகள் பாட்டனைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் யாரும் யாரையும் துரத்தவில்லை. பால்மரம் வெட்டிய கூலியில் தாயே வளர்த்துவிட்டாள். காகிதம் எங்கிருந்து வரும்?

எனக்குக் கிடைத்த முதல் துப்பு என் தந்தையின் பெயரே. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன். பாட்டி வட ஆற்காட்டுக்காரி. அவர் வழியில் ரேணுகா, எல்லம்மா, முனுசாமி என்றுதான் பெயர்கள். என் தந்தையின் பெயரிலோ "சுடலை" இருந்தது. சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள் நெல்லைச் சீமைக்காரர்கள். ஆற்காட்டு லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை யார் கொண்டுவந்தது?

கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலிருந்துதான் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் கங்காணியைக் கண்டால் ஊரைக் கண்டமாதிரி. அந்தத் தோட்டத்தில் நெல்லைக்காரர்கள் இருந்தது ஒரே ஒரு கங்காணியின் கீழ். சரி, அதில் யார்? தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோல் எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. தொண்ணூறைத் தாண்டிய ஓர் ஆயாவிடம் போனேன். நேரடியாகக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார் என்று தெரியும். "என் அப்பாவுக்கு முதல் அரைஞாண் கட்டியது யார் ஆயா?" என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "நெல்லைக்காரர் லயத்துப் பெண்தான், அத்தை முறைக்கு வந்து கட்டினாள்" என்றார்.

தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அத்தை எங்கிருந்து வந்தாள்?

அந்தப் பெண்ணுக்கு அண்ணன்மார் இருவர். இருவரும் 1943இல், ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர்கள், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை. நம் தோட்டங்களின் ஆண்களை லாரி லாரியாக விழுங்கியது. கட்டத்தில் கோடு விழுந்த காரணம் அங்கே இருக்கிறது: சேர்ந்து கேட்க வேண்டிய ஆள் உயிரோடு இல்லை.

மரபணுச் சோதனைக்கு எண்பதைத் தொட்ட என் தந்தை எச்சில் கொடுத்தார். அவர் நிறத்தைப் பார்த்து "துரை பிள்ளை" என்று கதை கட்டியவர்கள் உண்டு. வெள்ளைக்காரத் தகப்பனாக இருந்திருந்தால் பாதி மரபணு ஐரோப்பாவைக் காட்டியிருக்கும். ஒரு துளி இல்லை. கதை கட்டியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டது எனக்கு வருத்தமே.

அரைஞாண் கட்டிய அத்தையின் மகள் ஈப்போவில் இருக்கிறார். அவரும் எச்சில் கொடுத்தார். அத்தை மகள் என்றால் சராசரியாக 12.5 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். வந்ததோ 18க்கு மேல். "ஒரே தகப்பனின் பிள்ளைகளாக இருக்கலாம்" என்று விவரம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் குண்டு போட்டார். விஷயம் வேறு: அந்த அத்தை கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. அவர்கள் மகள் என் தந்தைக்கு அத்தை வழியிலும் சொந்தம், அத்தையின் கணவர் வழியிலும் சொந்தம். அந்த இரண்டாவது வழிக்கு 6.25 சேர்ந்தால் 18.75. வெளிநாட்டு நிறுவனங்களின் உறவுக் கணக்கு நம் மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்களை எதிர்பார்த்துப் போட்டதில்லை. சோதனை செய்கிறவர்கள் முதலில் யார் யாரைக் கட்டினார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு எண்ணைப் பாருங்கள்.

அந்த இருவரில் என் பாட்டன் யார், மூத்தவரா, இளையவரா? இருவருக்கும் வேறு பிள்ளை இல்லை. ஒய் குரோமோசோம் உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றே. தங்கை மகளின் மரபணுவும் இருவருக்கும் ஒரே விடைதான் சொல்லும். வம்சாவளித் தாளில் இரண்டு பெயர்களையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

தேநீர் தயாராகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். பழைய பிறப்புப் பத்திரம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்மேசைக்கு வாருங்கள். பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். லேமினேட் செய்தவர்களும் வரலாம், திட்டமாட்டேன்.