மைக்கின் வலது பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். பேசத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டைப் போட்டேன். 1955-இல் அமெரிக்காவில் பதிவானது. பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "பாடுறது ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று கேட்டார்கள். நான் எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவர்களே இடம் காட்டிவிட்டார்கள்.

இரண்டு பேர்தான். அண்ணன் ஐரா, தம்பி சார்லி. கண்ட்ரி என்று சொல்லும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் இவர்களுக்கு லூவின் பிரதர்ஸ் என்று பெயர். நம் கச்சேரியில் இருவர் சேர்ந்து பாடினால் ஒரே சுரத்தைப் பிடிப்பார்கள். இவர்கள் செய்தது வேறு. தம்பி மெட்டைப் பாடுவார். அண்ணன் அதே நொடியில் அதே சொல்லை இன்னொரு சுரத்தில், மேலே நின்று பாடுவார். தம்பி 'ச'வில் இருந்தால் அண்ணன் 'க'வில் இருப்பார். மெட்டு நகர நகர அந்த இடைவெளியும் கூடவே நகரும். இதுதான் ஹார்மனி.

சரி, இது பலரும் செய்வதுதானே? இவர்கள் அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள். மெட்டு உயரே ஏறி, தம்பியின் குரலுக்கு எட்டாமல் போகும் இடம் வரும். அங்கே அண்ணன் மெட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்வார், தம்பி கீழே இறங்கி ஹார்மனிக்குப் போய்விடுவார். ஒரு வரியின் நடுவில், சில சமயம் ஒரு சொல்லின் நடுவிலேயே இது நடந்துவிடும். கண் ஜாடை கிடையாது, தலையசைப்பு கிடையாது. அந்த அம்மாவுக்கு வந்த சந்தேகம் இந்த இடத்தில் பிறந்ததுதான்.

உடன்பிறந்தவர்கள் பாடும்போது வரும் இந்த ஒட்டுதலை 'ரத்த ஹார்மனி' என்று கண்ட்ரி உலகில் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. ரத்தம் மட்டும் போதும் என்றால் உலகத்தில் எல்லா அண்ணன் தம்பிகளும் இப்படிப் பாடவேண்டும். மீதிப் பாதி அவர்கள் வளர்ந்த மலையில் இருக்கிறது.

அலபாமா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் சாண்ட் மவுண்டன் என்ற மேட்டுநிலம். அங்கே ஹெனகர் என்ற சிற்றூர். ஐரா 1924-இல் பிறந்தார், சார்லி 1927-இல். குடும்பப் பெயர் லவுடர்மில்க். லூவின் என்பது மேடைக்காக வைத்துக்கொண்டது. பருத்தி விவசாயம், கஷ்டமான குடும்பம், கை ஓங்கத் தயங்காத அப்பா. அடி அதிகம் விழுந்தது அண்ணனுக்குத்தான் என்று சார்லி முதுமையில் வேதனையோடு சொன்னார். அதே அப்பா பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். அம்மா வந்த வழியில் எல்லாரும் 'சேக்ரட் ஹார்ப்' பாடுகிறவர்கள்.

இந்த சேக்ரட் ஹார்ப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1844-இல் அச்சான ஒரு பாட்டுப் புத்தகத்தின் பெயர் அது. சுரம் படிக்கத் தெரியாத குடியானவர்களும் பாடவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் கொடுத்திருப்பார்கள். முக்கோணம் என்றால் ஃபா, வட்டம் என்றால் சோல், சதுரம் என்றால் லா, சாய்சதுரம் என்றால் மி. வாத்தியமே கிடையாது. நாலு குரல்வகைக்காரர்களும் சதுரமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காருவார்கள். நாம் கீதத்துக்குச் சாகித்தியம் பாடுவதற்கு முன் சுரம் பாடுகிறோமே, அதுபோல முதலில் சுரப்பெயர்களைப் பாடிவிட்டு அப்புறம்தான் வார்த்தைக்கு வருவார்கள். அந்தப் பாட்டில் தனியாகக் கேட்பவர்கள் என்று யாரும் கிடையாது. வந்தவர் எல்லாரும் பாடவேண்டும், பாடிக்கொண்டே மற்ற மூன்று பக்கத்தையும் கேட்கவேண்டும். அந்தச் சதுரத்துக்குள் வளர்கிற பிள்ளைக்குத் தன் குரலைவிட அடுத்தவர் குரல்மேல்தான் முதலில் காது போகும். சாண்ட் மவுண்டனில் இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நடுச்சொல்லில் குரல் மாறியதற்குச் சார்லியும் இரண்டு காரணம் சொன்னார்: சேக்ரட் ஹார்ப் பழக்கிய காது, அப்புறம் அண்ணன் தம்பி என்ற உறவு. நான் பாதிப் பாதி என்றதும் அதை வைத்துத்தான்.

வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது கண்ட்ரி பாடகர் ராய் ஏக்கஃபின் கார் அந்த வழியாகப் போனதாம். பாடினால் இப்படிக் காரில் போகலாம் என்று இரண்டு பையன்களும் அன்றே முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கும் பலனுக்கும் நடுவில் வெகு காலம் ஓடியது. சின்னச் சின்ன ரேடியோ நிலையங்கள், மெம்பிஸ் நகரத்தில் தபால் நிலைய வேலை. கேபிடல் என்ற ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் போட்டது 1952-இல்தான். உடனே சார்லியைப் பட்டாளம் கூப்பிட்டுக் கொரியாவுக்கு அனுப்பிவிட்டது.

அதுவரை அவர்கள் பதிவு செய்து வந்தது பெரும்பாலும் கிறிஸ்தவ பக்திப் பாட்டுகள். 1955-இல் நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. கண்ட்ரி பாடகருக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. அங்கே விளம்பரதாரராக இருந்த புகையிலைக் கம்பெனிக்காரர்கள், பக்திப் பாட்டை வைத்துப் புகையிலை விற்க முடியாது என்றார்களாம். சரி என்று காதல் பாட்டுக்கு வந்தார்கள். நான் போட்டது அப்போது வந்த பாட்டுதான். அடுத்த வருஷமே இன்னொரு பாட்டு கண்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1956-இல் வந்த 'டிராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்' தொகுப்பைக் கட்டாயம் தேடிக் கேளுங்கள். காதலியைக் கொன்றவன் சொல்லும் பழைய கதைப்பாட்டு ஒன்று அதில் உண்டு. தாலாட்டு மாதிரி இதமான குரலில் பாடியிருப்பார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி ஐராவைப் பற்றி. பேச எனக்கே கனமாக இருக்கிறது. போதகராக வேண்டியவன் வழி தவறிவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குள் இருந்தது என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். குடி ஒரு பாவம் என்று உருகி எழுதினார், அதே மனிதர் குடித்தார். குடித்தால் கோபம் வரும். மேடையில் அவர் வாசிக்கும் மாண்டலின் சுருதி விலகினால் அதைத் தூக்கிப் போட்டு உடைப்பார். 1959-இல் 'சேட்டன் இஸ் ரியல்', அதாவது 'சாத்தான் நிஜம்', என்ற பக்தித் தொகுப்பு வந்தது. அதன் அட்டைக்காகப் பன்னிரண்டடி உயரத்தில் ஒட்டுப்பலகையில் சாத்தான் உருவம் செய்தவர் ஐராதான். ஒரு கல்குவாரியில் மண்ணெண்ணெய் ஊற்றிய டயர்களைக் கொளுத்தி, அந்தத் தீக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் வெள்ளை சூட்டில் கைவிரித்து நிற்கிறார்கள். பலருக்கு அந்தப் படம் சிரிப்பு மூட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தீயை ஐரா தினமும் உள்ளே பார்த்தவர்.

ராக் அண்ட் ரோல் அலை வந்து கண்ட்ரி விற்பனை சரிந்த நேரம். உன் மாண்டலினால்தான் ரெக்கார்டு விற்கவில்லை என்று தயாரிப்பாளர் ஐராவிடம் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லிலிருந்து அண்ணன் மீளவே இல்லை என்பது சார்லியின் நினைவு. ஒரு சண்டையில் மூன்றாவது மனைவி அவரைத் துப்பாக்கியால் சுட்டார். பல குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார். தாங்க முடிந்தவரை தாங்கிய தம்பி, 1963-இல் தனியே போனார். தம்பி கைவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். குடிக்கிறவரோடு ஒரு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த முடிவின் வலி தெரியும்.

1965 ஜூன் 20. கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், மிசூரி மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் ஐராவும் நான்காவது மனைவியும் இறந்தார்கள். மோதிய காரை ஓட்டியவர் குடித்திருந்தார். ஐராவுக்கு வயது 41.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எவர்லி பிரதர்ஸ் என்ற இன்னொரு அண்ணன் தம்பி ஜோடி இவர்கள் காட்டிய வழியில் பாடி உலகப் புகழ் பெற்றார்கள். 1968-இல் பர்ட்ஸ் என்ற ராக் குழு இவர்கள் பாட்டு ஒன்றைப் பாடியது. 1975-இல் பாடகி எமிலூ ஹாரிஸ் பாடிய லூவின் பாட்டு ஒன்று கண்ட்ரி பட்டியலில் ஏறியது. 2001-இல் கண்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் இருவர் பெயரும் சேர்ந்தன.

சார்லி 83 வயது வரை இருந்தார். 2011 ஜனவரியில் இறந்தார், கடைசி வரை பாடினார். அவரே ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் இது. அண்ணனும் தம்பியும் எப்போதும் ஒரே மைக்கில் பாடியவர்கள். அண்ணன் போய் எத்தனையோ வருஷமாகியும், பாட்டில் ஹார்மனி சேரவேண்டிய இடம் வந்ததும் சார்லியின் கால் தானாக இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்துவிடுமாம். வலப்பக்கம் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் இடம் விட்டு நிற்பார்.

இப்போது அதே பாட்டை இன்னொரு தரம் போடுகிறேன். கேளுங்கள்.