கோப்சார்களின் பாட்டும் போர்க்கால மனநலமும்

நேயர்களுக்கு என் வணக்கம். உக்ரைன் நாட்டின் மரபிசையைப் பற்றியும், அங்கே போரினால் மனம் நொந்தவர்களுக்குத் துணைநிற்கும் அறப்பணிகளைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பொருள்களை ஏன் சேர்த்துத் தந்தார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டில் பாட்டுக்கும் ஈகைக்கும் துயரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆகவே பழைய செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு உக்ரைனின் சந்தைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பார்வையற்ற பாடகர்கள் அமர்ந்து பாடுவது வழக்கம். கோப்சா, பண்டூரா ஆகிய நரம்புக் கருவிகளை இசைப்பவர்களைக் கோப்சார் என்றும், லீரா என்னும் சக்கரக் கருவியை இசைப்பவர்களை லீர்னிக் என்றும் அழைப்பார்கள். லீராவின் கைப்பிடியைச் சுழற்றினால் பிசின் தடவிய மரச்சக்கரம் தந்திகளில் உரசும். ஒரு தந்தி மெட்டைச் சொல்ல, மற்றவை நம் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதைப் போல நிலையான சுரத்தில் நின்று ஒலிக்கும். இந்தப் பாடகர்களை வெறும் இரவலர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கென்று சங்கங்கள் இருந்தன. பார்வையற்ற சிறுவன் ஓர் ஆசானிடம் சில ஆண்டுகள் தங்கிப் பயின்று, மூத்தவர்கள் முன்னிலையில் தேர்ந்து, அவர்கள் இசைவு தந்த பிறகே தனியாகப் பாடிப் பொருள் பெறலாம். சங்கத்துக்குப் பொது நிதி உண்டு. வெளியாருக்குப் புரியாத தனிப்பேச்சும் உண்டு.

அவர்கள் பாடியவற்றில் பெரும்பகுதி பக்திப் பாடல்கள். நாம் இன்று கூர்ந்து நோக்க வேண்டியவை 'தூமா' எனப்படும் நெடிய கதைப்பாடல்கள். கோசாக்கியர் என்னும் பழைய உக்ரைனியப் போர்மறவர்கள் காலத்துப் போர்களையும், துருக்கியக் கப்பல்களில் துடுப்பு வலிக்க விலங்கிடப்பட்ட கைதிகளின் புலம்பலையும் பாடுபவை அவை. அடிகள் ஒரே அளவில் இரா; பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட நடையில், மூச்சு எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு நீளத்துக்கு ஒவ்வோர் அடியும் ஓடும். பெரும்பாலும் முதலில் ஒரு நீண்ட புலம்பல் ஒலி வரும். பின்னர் நடந்தது விரிவாகச் சொல்லப்படும். முடிவில், சிறைப்பட்டவர்கள் விடுதலை பெற வேண்டும், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நெடுநாள் வாழ வேண்டும் என்ற வாழ்த்தோடு பாட்டு நிறைவுறும். தூமாவின் நடைக்கும் சாவு வீட்டு ஒப்பாரிக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது லிவிவ் நகரத்து இசையறிஞர் ஃபிலாரெட் கோலெஸ்ஸாவின் கருத்து.

இதைக் கேட்டவுடன், அக்காலத்திலேயே உளவியல் சிகிச்சை இருந்தது என்று பெருமிதம் கொள்ளச் சிலர் விரும்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகிச்சை என்பது வேறு. மகனையோ மகளையோ அடிமைச் சந்தைக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் வாழ்ந்த ஊரில், அழுவதற்கு ஒரு நேரத்தையும், உடன் அழ ஒரு கூட்டத்தையும், அழுகையிலிருந்து வீடு திரும்ப ஒரு வாழ்த்தையும் கோப்சார் தந்தார் என்பதே நான் சொல்ல வருவது. கேட்டவர்கள் அதற்காகக் காசும் ரொட்டியும் கொடுத்தார்கள்.

இந்த இசை அழியாமல் நமக்குக் கிடைத்ததும் ஒருவகையில் தனிமனிதரின் கொடையால்தான். 1873இல் கீவ் நகர அறிஞர்கள் முன் ஓஸ்தாப் வெரெசாய் என்னும் பார்வையற்ற கோப்சார் பாடினார். இசையமைப்பாளர் மிகோலா லிசென்கோ அவருடைய பாடல்களை ஆராய்ந்து எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1876இல், உக்ரைனிய மொழியின் அச்சையும் மேடையையும் ஒடுக்கும் ஆணையை ரஷ்யப் பேரரசர் பிறப்பித்தார். அதற்குப் பின் 1908இல், காசநோயால் நலிந்திருந்த கவிஞர் லேசியா உக்ரைன்காவும் அவருடைய கணவர் கிளிமெந்த் க்வித்காவும், கோப்சார்களின் குரல்களை மெழுகு உருளைகளில் பதிவுசெய்யத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். கோலெஸ்ஸா ஃபோனோகிராஃப் கருவியுடன் பொல்தாவா வட்டாரத்துக்குச் சென்றார். கிரீமியாவில் லேசியா தாமே ஒரு கோப்சாரைப் பாடச் செய்து பதிவெடுத்தார். அந்தப் பதிவுகள் இல்லையென்றால், இன்று தூமா பாடும் இளைஞர்களுக்குப் பின்பற்ற ஏட்டுச் சுவடுகள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

1930களில் சோவியத் ஆட்சி இம்மரபின் வேரையே அறுத்தது. பண்டூரா பயிற்றுநூல் எழுதிய ஹ்னாத் ஹோத்கேவிச் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கோப்சார்களை மாநாடு என்று அழைத்துக் கூண்டோடு கொன்றதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை, ஆனால் தெருவில் பாடும் கோப்சார் என்ற மனிதர் அந்தப் பத்தாண்டுகளில் மறைந்துபோனார் என்பதில் ஐயமில்லை. எஞ்சியது மேடை பண்டூரா: அறுபதுக்கு மேற்பட்ட தந்திகள், பூத்தையல் சட்டை அணிந்த பெருங்குழுக்கள், ஆட்சிக்கு உகந்த பாடல்கள். அந்தப் பளபளப்பைவிட, இருபது தந்திகளே கொண்ட பழைய பண்டூராவின் மெல்லிய ஒலிதான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அதைக் காப்பாற்றியவர் ஹெயோர்ஹி த்காச்சென்கோ என்னும் கட்டடக் கலைஞர். இளமையில் கார்கிவ் வட்டாரக் கோப்சார்களைக் கேட்டுக் கற்றதை முதுமையில் இளைஞர்களுக்குக் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போரில் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கீவ் நகரத்துப் பண்டூரா பாடகர் குழுவினரை ஜெர்மானியர்கள் 1942இல் ஹாம்புர்க் நகரத் தொழிலாளர் முகாமில் அடைத்தார்கள். பின்னர் அவர்கள், உக்ரைனிலிருந்து கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த தம் மக்களின் முகாம்களுக்குச் சென்று பாட நேர்ந்தது. ஹிரிஹோரி கித்தாஸ்தி வழிநடத்திய அந்தக் குழு, போர் முடிந்தபின் அகதி முகாம்களிலும் பாடி, 1949இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் குடியேறியது. தாமே கைதிகளாக இருந்தவர்கள் பிற கைதிகளுக்குப் பாடிய காட்சியை, துடுப்புக் கைதிகளின் தூமாவைக் கேட்டு வளர்ந்த ஒருவர் எப்படி உணர்ந்திருப்பார் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம்.

நம் காலத்துக்கு வருவோம். 2014 பிப்ரவரியில் கீவ் நகரச் சுதந்திரச் சதுக்கத்தில், ஆட்சியை எதிர்த்துக் கொல்லப்பட்ட போராட்டக்காரர்களின் சவப்பெட்டிகள் கூட்டத்தின் நடுவே சுமந்து செல்லப்பட்டபோது, மேற்கே கார்பாத்திய மலைப்பகுதியில் வழங்கிவந்த ஒரு பாடல் ஒலித்தது. ஆற்றில் நீந்தும் வாத்தைச் சொல்லித் தொடங்கி, அயல் மண்ணில் நான் செத்தால் எனக்குக் குழி தோண்டுபவர் யார் என்று மகன் தாயிடம் கேட்பதாக விரியும் பாடல் அது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் முழுப்போர் தொடங்கியபின், ஊர்ப்புறச் சாவு ஊர்வலங்களிலும் அப்பாடல் ஒலிக்கிறது. ஒப்பாரியைத் தெரிந்த பாட்டிமார் எல்லா ஊரிலும் இல்லை. அந்த இடத்தை இப்பாடல் நிரப்பியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த 2022 பிப்ரவரி இறுதியில் பாடகர் ஆந்திரி ஹ்லிவ்னியுக், துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி கீவ் நகரத்துப் புனித சோபியா சதுக்கத்தில் நின்று, முதல் உலகப் போர்க்காலத்து உக்ரைனியப் படைவீரர் பாட்டு ஒன்றை வாத்தியத் துணையின்றிப் பாடினார். பிங்க் ஃப்ளாய்ட் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழு அக்குரலுக்கு இசை சேர்த்து ஏப்ரலில் வெளியிட்டு, வருவாயை உக்ரைன் மக்களின் நிவாரணத்துக்கு வழங்கியது. மார்ச் மாதத்தில், கீவ் நிலவறை ஒன்றில் இளம் வயலின் கலைஞர் இல்லியா பொந்தரென்கோ ஒரு பழைய நாட்டுப்பாடலை வாசிக்க, 29 நாடுகளைச் சேர்ந்த 94 வயலின் கலைஞர்கள் அவரோடு காணொளியில் இணைந்து வாசித்தார்கள். மார்ச் 26ஆம் நாள் கார்கிவ் இசை விழா, குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் தங்கியிருந்த சுரங்க ரயில் நிலையத்தில் தொடங்கியது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் திரளும் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி படைக்குப் போகிறது. தாக்கப்படும் நாட்டில் அது இயல்பு. நாட்டுப்புறக் குழல்களை ராப் இசையோடு கலந்து 2022இல் யூரோவிஷன் என்னும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற கலுஷ் குழு, தன் வெற்றிக் கோப்பையை ஏலத்தில் விற்றுக் கிடைத்த 9 லட்சம் டாலரை ட்ரோன்கள் வாங்கக் கொடுத்தது. ட்ரோனைப் படம்பிடித்துக் கொடையாளருக்குக் காட்டலாம். ஒரு பெண் எட்டு மாதங்களுக்குப் பிறகு இரவு முழுவதும் உறங்கினார் என்பதைப் படம்பிடிக்க இயலாது. மனநலப் பணிக்கு நிதி திரட்டுவது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

தேவையின் அளவோ மிகப் பெரிது. உக்ரைனில் சுமார் 96 லட்சம் பேர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கலாம், அல்லது உள்ளாகும் ஆபத்தில் இருக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருத்துவரை நாட மக்கள் தயங்குவதற்கு அங்கே ஒரு தனி வரலாறும் உண்டு. சோவியத் காலத்தில் மாற்றுக் கருத்துடையோரை மனநோயாளி என்று முத்திரையிட்டு அடைத்தார்கள். கணித அறிஞர் லெயோனித் ப்ளியூஷ்ச், த்நிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரத்துச் சிறப்பு மனநல மருத்துவமனையில் 1976ஆம் ஆண்டு வரை அடைக்கப்பட்டு, கட்டாயமாக மருந்து ஏற்றப்பட்டார். மனநல மருத்துவர் என்றாலே பெயர் பதிவேட்டில் ஏறிவிடும், வேலை போய்விடும் என்ற அச்சத்தில் வளர்ந்த தலைமுறை இன்னும் வாழ்கிறது. அதிபரின் துணைவியார் ஒலேனா ஜெலென்ஸ்கா முன்னெடுத்த தேசிய மனநலத் திட்டம், 'எப்படி இருக்கிறாய்?' என்ற எளிய கேள்வியையே தன் பரப்புரையின் பெயராகக் கொண்டதற்கு இதுவே பின்னணி என்று நினைக்கிறேன்.

இசை உதவக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஆலோசகரின் கதவைத் தட்டக் கூசும் முன்னாள் படைவீரர், ஊர் மண்டபத்தில் பாட்டு நடக்கிறது என்றால் கடைசி வரிசையில் வந்து அமர்வார். கூடிப் பாடுவது அறிமுகமில்லாதவர்களிடையே விரைவில் நெருக்கத்தை உண்டாக்குகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. நீண்ட அடிகளைப் பாடும்போது மூச்சு தானாகவே மெதுவாகிறது. இதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் உளவியல் சிகிச்சை முறைகளையே, பண்டூராவை அன்று. பாட்டே மருந்து என்று விளம்பரம் செய்யும் நிகழ்ச்சிகளைக் கண்டால் நான் சற்று விலகியே நிற்பேன்.

நிகழ்ச்சி நடத்துவோர் கவனிக்க வேண்டிய நுட்பங்களும் உண்டு. திடீரென அதிரும் மேளமும் வெடிப்பது போன்ற மேடை ஒலியும், போர்முனையிலிருந்து வந்தவரை உலுக்கிவிடும். விளக்கை முழுதாக அணைத்து வாயிலை மூடுவதும் அப்படியே. ஒலிபெருக்கி இல்லாமல் சிறு கூட்டத்துக்கு இசைக்கப்பட்ட லீராவும் பழைய பண்டூராவும் இவ்வகையில் பொருத்தமானவை. கோப்சார் தராஸ் கொம்பானிச்சென்கோ, படையில் சேர்ந்த பிறகும் தம் கருவியைக் கைவிடாமல் வீரர்களுக்குப் பாடிவருகிறார். கேட்பவர் காட்டிலோ மருத்துவமனை வார்டிலோ இருந்தாலும் அந்தக் கருவிக்கு மின்சாரம் தேவையில்லை.

இனி, கொடுக்கப்படும் பணம் என்ன செய்யக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டும். 2019இல் முன்னாள் படைவீரர்களை மனத்தில்கொண்டு தொடங்கிய 7333 என்னும் தொலைபேசி உதவி எண்ணில், தற்கொலை எண்ணம் கொண்டோருடன் பேச இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும். அதாவது, மாதந்தோறும் சம்பளம். 'குழந்தைகளின் குரல்கள்' என்னும் உக்ரைனிய அறக்கட்டளை, கிழக்குப் பகுதியின் போர்முனை ஊர்களில் தொடங்கி, குழந்தைகளுக்கு உளவியல் உதவி அளித்துவருகிறது. அதற்கும் பெரும் செலவு ஆட்களுக்கே. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள ஐந்து அமர்வுப் பயிற்சி ஒன்றை, மருத்துவர் அல்லாத, ஆனால் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவரே ஊரில் நடத்தலாம். மருத்துவர்கள் குறைவான, இடம்பெயர்ந்தோர் நிறைந்த சிற்றூர்களில் ஒரு கச்சேரியின் வசூல் பெரிய பயனைத் தருவது இத்தகைய பயிற்சிகளில்தான் என்பது என் கணிப்பு.

யுனெஸ்கோ நிறுவனம் 2024 டிசம்பரில், கோப்சா, லீரா மரபைக் காக்கும் உக்ரைனியத் திட்டத்தை நற்பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆசானிடம் நேரில் அமர்ந்து கற்பதும், தன் கருவியைத் தானே செய்யப் பழகுவதும் அம்மரபின் உயிர். இளம் ஆண்களில் பலர் படையில் இருக்கும் நாட்டில், அந்தப் பயிற்சிக்கு நேரமும் ஆளும் கிடைப்பது அரிது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த உரையைக் கேட்டபின் எங்கேனும் ஓர் உக்ரைனிய இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்க நேர்ந்தால், அமைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: பணம் பெறும் அமைப்பின் பெயர் என்ன, அது கணக்கை வெளியிடுகிறதா, அங்கே பணிபுரிவோர் எத்தகைய பயிற்சி பெற்றவர்கள்? மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள உளவியலாளர்களும் அதே விமானத் தாக்குதல் சங்கொலியில் உறக்கம் இழப்பவர்கள். அவர்களில் பலருக்குக் கணவரோ தம்பியோ போர்முனையில் இருக்கிறார்கள். நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்கும் அவர்களுக்கு, மூத்த வல்லுநரிடம் பேசி ஆறுதலும் வழிகாட்டலும் பெற நேரமும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் அந்த அமைப்பு ஒதுக்குகிறதா என்று கேளுங்கள். ஒதுக்குகிறது என்றால், அந்தச் சீட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.